வந்தவர்களும் நின்றவர்களும்

இங்கிலாந்தின் சாலிஸ்பரி நகருக்கு வெளியே 1946-இல் ஓர் ஆய்வு நிலையம் தொடங்கியது. ஜலதோஷம் எதனால் வருகிறது, எப்படிப் பரவுகிறது என்று கண்டறிவதுதான் அதன் வேலை. கட்டடங்கள் புதியவை அல்ல. போர்க்காலத்தில் கொள்ளைநோய் பரவினால் சமாளிப்பதற்காக ஹார்வர்டு பல்கலைக்கழகமும் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கமும் கட்டிக்கொடுத்த மருத்துவமனை, போர் முடிந்ததும் பிரிட்டிஷ் அரசின் கைக்கு வந்திருந்தது. மனிதருக்கு வரும் ஜலதோஷம் ஆய்வுக்கூட விலங்குகளுக்கு எளிதில் தொற்றாது. சிம்பன்சிக்குத் தொற்றும், ஆனால் சிம்பன்சிகளை வாங்கி வைத்துப் பராமரிப்பது கட்டுப்படியாகாத காரியம். ஆகவே மனிதர்களையே கூப்பிட வேண்டியிருந்தது. நிலையம் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தது: பத்து நாள் தங்கல், சாப்பாடு, பயணச் செலவு, கைச்செலவுக்குச் சில ஷில்லிங். வந்தவர்களை இரண்டு மூன்று பேராகத் தனித்தனிக் குடியிருப்புகளில் வைத்தார்கள். மூக்கில் சில சொட்டுகள் விட்டார்கள். அதில் கிருமி இருக்கிறதா இல்லையா என்பது வந்தவருக்குத் தெரியாது. சாப்பாடு சூடு ஆறாத பாத்திரத்தில் வாசலுக்கு வரும். வெளியே உலாவலாம், ஆனால் எவரையும் நெருங்கக் கூடாது. பரீட்சைக்குப் படிக்க அமைதியான இடம் தேடிய மாணவர்கள் வந்தார்கள். தேனிலவுக்கு வேறெங்கும் போகக் காசில்லாத புதுத் தம்பதிகளும் வந்தார்கள். ஒரு முறை வந்தவர்கள் மறுபடியும் வந்தார்கள். நிலையம் மூடப்பட்ட 1989 வரை ஏறத்தாழ 20,000 பேர் அங்கே தங்கிப்போனார்கள். மனிதரைத் தாக்கும் கொரோனா வைரஸ் ஒன்றை டேவிட் டிரெலின் குழு 1965-இல் முதன்முதலாக அறிவித்ததும் இவர்களுடைய மூக்குகளின் உபயத்தில்தான்.

அதே நாட்டில் 2021-இல் 18 முதல் 30 வயது வரையிலான 36 பேரின் மூக்கில் கோவிட் வைரஸை வேண்டுமென்றே விட்டு ஆராய்ந்தார்கள். இம்முறை அழைப்பு இணையத்தில் வந்தது, விண்ணப்பமும் இணையத்தில் போனது. விளம்பரத்தாள் போய்த் திரை வந்துவிட்டது. தனியறை, வாசலில் சாப்பாடு, எண்ணப்படும் தும்மல் எல்லாம் அப்படியே இருந்தன. மருத்துவ ஆய்வுக்குத் தன்னார்வலர்களை அழைக்கும் வழக்கத்தின் முக்கால் நூற்றாண்டு வரலாற்றைப் பார்த்தால் இந்த ஒற்றுமை தற்செயலானது அல்ல என்று தெரியும். இணையமும் கைப்பேசிச் செயலியும் வருகிறவர்களின் எண்ணிக்கையைப் பெருக்கியிருக்கின்றன. வந்தவர்கள் நிற்பார்களா, யார் யார் வரவே மாட்டார்கள் என்பதை அவை அவ்வளவாக மாற்றவில்லை. அதைத் தீர்மானிப்பது, அழைப்புக்குப் பின்னால் பொறுப்பேற்று நிற்கும் மனிதர்கள்தான். இதுவே இக்கட்டுரையின் வாதம்.

திரைக்கு முந்தைய காலத்தில் மக்களை எப்படிச் சேர்த்தார்கள் என்பதற்கு இரண்டு உதாரணங்கள் போதும். 1951 அக்டோபரில் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் பிரிட்டனின் மருத்துவர்கள் எல்லோருக்கும், ஏறத்தாழ 60,000 பேருக்கு, புகைப்பழக்கம் பற்றி மிகச் சில கேள்விகளோடு ஒரு கடிதம் அனுப்பினார்கள். 40,000-க்குச் சற்றே கூடுதலானவர்களிடமிருந்து பயன்படத்தக்க பதில் வந்தது. மருத்துவரை மருத்துவர் கேட்கிறார். கேள்வியோ ஐந்து நிமிட வேலை. அதனால்தான் மூன்றில் இரண்டு பங்கு பேர் பதிலளித்தார்கள் என்று நினைக்கிறேன். அடுத்த ஆண்டு அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் இதைவிடத் துணிச்சலான ஒரு காரியம் செய்தது. கைலர் ஹாமண்டும் டேனியல் ஹார்னும் 22,000 தன்னார்வத் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஒவ்வொருவரையும் தமக்கு நன்கு தெரிந்த, 50 முதல் 69 வயதுக்குட்பட்ட ஆண்கள் பத்துப் பேரளவில் பிடித்துக் கேள்வித்தாளை நிரப்பி வாங்கச் சொன்னார்கள். அண்ணன், அடுத்த வீட்டுக்காரர், கூட வேலை செய்தவர் என்று 1,87,783 பேர் சேர்ந்தார்கள். ஆய்வின் சாமர்த்தியம் சேர்த்ததில் இல்லை, தொடர்ந்ததில் இருந்தது. ஆண்டுக்கு ஒரு முறை தொண்டர் தம் பட்டியலில் உள்ளவர் உயிரோடிருக்கிறாரா என்று எழுதி அனுப்ப வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் செத்தது தெரியாமல் போகுமா? ஏறத்தாழ நூற்றுக்கு 99 பேரின் கதி கண்டறியப்பட்டது. சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள உறவை மறுக்க முடியாதபடி நிறுவிய ஆய்வுகளில் அது ஒன்று. 1959-இல் இதே முறையை விரித்து 68,000 தொண்டர்களைக் கொண்டு 25 மாநிலங்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்தார்கள். கணினி வலைப்பின்னல் எதுவும் இல்லாமல், கண்டம் அளவில், மனித வலைப்பின்னல் ஒன்று வேலை செய்திருக்கிறது.

இதைச் சொன்னதும் எழும் எதிர்க்கேள்வி நியாயமானது. தெரிந்தவர் தெரிந்தவரைச் சேர்த்தால், ஒரே மாதிரி ஆட்கள்தானே சேர்வார்கள்? சேர்ந்தார்கள். புற்றுநோய்ச் சங்கத்தின் ஆய்வுகளில் படித்தவர்களும் வசதியுள்ள வெள்ளையர்களுமே மிகுந்திருந்தார்கள். தன்னார்வலர்கள் பொதுமக்களின் சரியான மாதிரி ஆகமாட்டார்கள் என்பதற்கு 1954-ஆம் ஆண்டின் போலியோ தடுப்பூசிச் சோதனையைவிடத் துலக்கமான சான்று இல்லை. ஜோனஸ் சால்க்கின் தடுப்பூசியைச் சோதிக்க அமெரிக்காவின் பள்ளிப் பிள்ளைகள் சுமார் 18 லட்சம் பேர் அந்த ஆய்வுக்குள் வந்தார்கள். பிள்ளைகளைச் சேர்த்தவர்கள் ஆசிரியர்களும் மருத்துவர்களும் தாய்மார்களும். பங்கேற்ற பிள்ளைக்குப் போலியோ முன்னோடி என்ற அட்டையும் பொத்தானும் கிடைத்தன. சோதனை தொடங்க மூன்று வாரம் இருக்கும்போது, புகழ்பெற்ற வானொலி அறிவிப்பாளர் வால்டர் வின்செல் இந்தத் தடுப்பூசி கொல்லக்கூடும் என்று பீதி கிளப்பினார். பெற்றோர் பலர் பின்வாங்கினார்கள். பொய்ச்செய்தி பரவ இணையம் வேண்டியிருக்கவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம்.

சோதனை முடிவில் ஒரு விசித்திரம் தெரிந்தது. சீட்டுக் குலுக்கல்போல் பிரித்த பகுதிகளில், தடுப்பூசி போட்ட பிள்ளைகளில் லட்சத்துக்கு 28 பேருக்குப் போலியோ வந்தது; மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் லட்சத்துக்கு 71. ஊசியே வேண்டாம் என்று மறுத்த குடும்பங்களின் பிள்ளைகளில்? 46. மறுத்தவர்களுக்கு, மருந்தில்லாத ஊசியைப் போட்டுக்கொண்டவர்களைவிடக் குறைவாக நோய் வந்திருக்கிறது. காரணம் ஊசியில் இல்லை, ஆட்களில் இருந்தது. சம்மதித்தவர்கள் பெரும்பாலும் வசதியுள்ள, சுத்தமான வீடுகளைச் சேர்ந்தவர்கள். அவ்வீட்டுப் பிள்ளைகள் கைக்குழந்தைப் பருவத்தில் அந்தக் கிருமியைச் சந்தித்து எதிர்ப்புச் சக்தி பெறாதவர்கள். மறுத்தவர்களை ஒப்பீட்டுக்கு எடுத்திருந்தால் தடுப்பூசியின் பலன் வெகுவாகச் சுருங்கித் தெரிந்திருக்கும். வருகிறவரும் வராதவரும் உடலாலேயே வேறுபட்டவர்கள் என்று அறிவியல் அன்றே படித்துக்கொண்டது.

இணையம் வந்தபோது இந்தப் பாடம் மறக்கப்பட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எண்ணிக்கையின் மயக்கம் பெரிதாக இருந்தது. தொடக்க முயற்சிகள் உண்மையில் நன்றாகவே இருந்தன. மார்பகப் புற்றுநோய் அறுவை மருத்துவர் சூசன் லவ் 2008-இல் பெண்களின் படை என்ற பெயரில் ஓர் இணையப் பதிவேட்டைத் தொடங்கினார். எலிகளை ஆராய்ந்தது போதும், நோயில்லாத பெண்களையும் ஆராய வேண்டும் என்பது அவர் கட்சி. பத்து லட்சம் பேர் இலக்கு. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்தார்கள். ஏ.எல்.எஸ். என்ற நரம்புச் சிதைவு நோய்க்குத் தம் சகோதரரைப் பறிகொடுக்கவிருந்த ஹேவுட் சகோதரர்கள், 2004-இல் நண்பர் ஒருவரோடு சேர்ந்து நோயாளிகள் தம் உடல்நிலையைப் பகிர்ந்துகொள்ளும் பேஷன்ட்ஸ்லைக்மீ தளத்தை நிறுவினார்கள். லித்தியம் அந்நோயை மந்தப்படுத்துகிறது என்று 2008-இல் இத்தாலியிலிருந்து ஒரு சிறிய ஆய்வு வெளிவந்தது. வேறு வழியில்லாத நோயாளிகள் தம் மருத்துவரிடம் கேட்டு லித்தியம் வாங்கிச் சாப்பிட்டு, விளைவுகளைத் தாமே தளத்தில் பதிந்தார்கள். அப்படிச் சாப்பிட்ட 149 பேரை, நோயின் போக்கில் அவர்களை ஒத்த, லித்தியம் சாப்பிடாதவர்களோடு ஒப்பிட்டு, பலன் எதுவும் இல்லை என்று 2011-இல் அறிவித்தார்கள். முறையான மருத்துவச் சோதனைகளும் அதே முடிவுக்கு வந்தன. கவனிக்க வேண்டியது: இங்கே கூடியவர்கள் போகிற போக்கில் வந்தவர்கள் அல்ல. ஒருவரை ஒருவர் அறிந்த, ஒரே நோயால் கட்டுண்ட ஒரு சமூகம். திரை அவர்களைச் சேர்த்து வைத்தது; நிற்கவைத்தது நோயும் தோழமையும்.

பின்பு செயலிகளின் காலம். 2015 மார்ச்சில் ஐபோன் வழியே ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் தொடங்கிய இதய ஆய்வில் முதல் 24 மணி நேரத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். பல மருத்துவமனைகள் ஓராண்டு பாடுபட்டுச் சேர்க்கும் கூட்டம் அது. பத்திரிகைகள் புரட்சி என்று எழுதின. அக்டோபர் இறுதிவரை ஒப்புதல் அளித்தவர்கள் 48,968 பேர். ஏழு நாளும் தம் நடமாட்டத் தரவைக் கொடுத்து முடித்தவர்கள் 4,552 பேர். ஆறு நிமிடம் நடந்து காட்டும் எளிய சோதனையை முடித்தவர்கள் 4,990 பேர். அதாவது பத்தில் ஒருவர். வந்தவர்களின் இடைநிலை வயது 36. நூற்றுக்கு 82 பேர் ஆண்கள். இதய நோய் மிகுதியாக வரும் வயதினர் அங்கே சொற்பம். 2017-18இல் ஆப்பிள் கைக்கடிகாரத்தைக் கொண்டு நடந்த ஆய்வு இன்னும் பெரியது: எட்டு மாதத்தில் 4,19,297 பேர். நாடித்துடிப்பு ஒழுங்கற்றிருப்பதாகக் கடிகாரம் எச்சரித்தது 2,161 பேருக்கு. அவர்களில், மார்பில் ஒட்டும் இ.சி.ஜி. பட்டையை அணிந்து பயன்படத்தக்க தரவோடு திருப்பி அனுப்பியவர்கள் 450 பேர். மற்றவர்களில் சிலரைத் தகுதியில்லை என ஆய்வாளர்களே விலக்கியதும் உண்டு. ஆனால் பெரும்பாலோர் அடுத்த படிக்கே வரவில்லை. கண்டறிய முயன்ற நோயோ முதியவர்களுக்கு வருவது. பங்கேற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நாற்பது வயதுக்குட்பட்டவர்கள்.

செயலிவழி ஆய்வுகளில் மக்கள் எவ்வளவு நாள் நிற்கிறார்கள் என்பதையே ஒரு குழு ஆராய்ந்து 2020-இல் வெளியிட்டது. அமெரிக்காவில் நடந்த எட்டு ஆய்வுகள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பங்கேற்பாளர்கள். பாதிப்பேர் ஐந்தரை நாளுக்குள் விலகிப்போயிருந்தார்கள். யார் கூடுதலாக நின்றார்கள் என்ற கேள்விக்குக் கிடைத்த விடைதான் முக்கியம். ஆய்வுக்குரிய நோய் தனக்கே இருந்தவர்கள் இடைநிலைக் கணக்கில் ஏழு நாள் கூடுதலாக நின்றார்கள். பணம் கொடுத்தால் 22 நாள். தன் மருத்துவர் சொல்லி வந்தவராக இருந்தால் 40 நாள். பணத்தைவிடத் தெரிந்த ஒருவரின் சொல்லுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு பலம். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை அனுப்பிவிட்டு, தட்டு வைத்து அழைக்காத வீட்டிலிருந்து எத்தனை பேர் வருவார்கள் என்று நமக்குத் தெரியும். ஒரு லட்சம் பேரைக் கொண்டு அதை இவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். சாலிஸ்பரியில் தங்கியவர் பத்து நாளும் நின்றதற்கும், பக்கத்து வீட்டுக்காரர் ஆண்டுதோறும் பதில் எழுதியதற்கும், இந்த 40 நாளுக்கும் காரணம் ஒன்றுதான்: எதிரே ஒரு முகம் இருந்தது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 2020 மார்ச் 24 அன்று லண்டன் கிங்ஸ் கல்லூரியின் டிம் ஸ்பெக்டர் குழு ஸோ நிறுவனத்தோடு சேர்ந்து கோவிட் அறிகுறிகளைப் பதியும் செயலியை வெளியிட்டது. சில நாட்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். வாசனை உணர்வு போவது கோவிட்டின் அடையாளம் என்பதற்கு இந்தத் தரவு பெரும் சான்றாயிற்று. மே 18 அன்று பிரிட்டிஷ் அரசு அதை அதிகாரபூர்வ அறிகுறிகளில் சேர்த்தது. எந்தத் தொண்டர் படையும் இரண்டு மாதத்தில் இதைச் செய்திருக்க முடியாது. ஒப்புக்கொள்கிறேன். கேள்வி சிறியதாக, ஆபத்து எல்லோர் வீட்டு வாசலிலும் இருக்கும்போது, திரை ஒன்றே போதும். நாடே வீட்டுக்குள் அடைபட்டு, பயனுள்ளதாக ஏதாவது செய்யத் துடித்த வாரம் அது. மேலும் அந்தக் குழு வெட்டவெளியில் முளைத்ததல்ல. 1992 முதல் ஆயிரக்கணக்கான இரட்டையர்களைத் தொடர்ந்து ஆராய்ந்துவந்த ஏற்பாடு அதன் பின்னணியில் இருந்தது.

இன்னொரு மறுப்பு புள்ளியியலாளர்களுடையது. பங்கேற்பவர்கள் பொதுமக்களைப்போல் இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. டாலும் ஹில்லும் மருத்துவர்களை மட்டும் ஆராய்ந்து உலகத்துக்கே பொருந்தும் உண்மையைச் சொல்லவில்லையா என்று கேட்பார்கள். பிரிட்டனின் யூகே பயோபேங்க் 2006 முதல் 2010 வரை 92 லட்சம் பேருக்குக் கடிதம் அனுப்பி ஐந்து லட்சம் பேரைச் சேர்த்தது. அழைத்தவர்களில் வந்தவர்கள் நூற்றுக்கு ஐந்தரைப் பேர்தான், அவர்களும் மற்றவர்களைவிட ஆரோக்கியமானவர்கள்; எழுபதுகளின் தொடக்க வயதில் இறப்பு விகிதம் பொதுமக்களுடையதில் ஏறத்தாழ பாதி. ஆனாலும் அதிலிருந்து நல்ல அறிவியல் வந்திருக்கிறது. இந்த வாதம் ஒரு எல்லைவரை சரி. சிகரெட்டின் தீங்கைப்போல் விளைவு மிகப் பெரியதாக இருந்தால், யாரிடம் பார்த்தாலும் தெரியும். விளைவு சிறியதாக இருந்தாலோ, ஒரு நோய் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று எண்ணுவதே நோக்கமாக இருந்தாலோ, வராதவர்களின் இடத்தை எந்தக் கணக்கு வித்தையாலும் முழுதாக நிரப்ப முடியாது. இன்னும் ஒன்று: பயோபேங்கில் சேர்ந்தவர்கள் நேரில் வந்து ரத்தம் கொடுத்தவர்கள். வந்தது குறைவு, ஆனால் அமைப்பு அவர்களைக் கைவிடவில்லை; தேசிய சுகாதாரச் சேவையின் பதிவுகள் வழியே இன்றுவரை தொடர்கிறது. முகநூல் விளம்பரத்தைத் தட்டி வந்தவரை அப்படித் தொடர முடியாது.

என் வாதத்துக்கு மிகக் கடினமான எதிர்ச்சான்று அமெரிக்காவின் டஸ்கீகியிலிருந்து வருகிறது. 1932-இல் அலபாமாவின் மேக்கன் மாவட்டத்தில் சிபிலிஸ் நோயுள்ள 399 கறுப்பின ஆண்களையும் அந்நோயில்லாத 201 பேரையும் அரசின் பொதுச் சுகாதாரத் துறை ஆய்வுக்குள் இழுத்தது. கெட்ட ரத்தத்துக்குச் சிகிச்சை என்று சொல்லப்பட்டது, சிகிச்சை கொடுக்கப்படவில்லை. 1940-களில் பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கப்படவில்லை. பத்திரிகை அம்பலப்படுத்திய 1972 வரை, நாற்பது ஆண்டு, அந்த ஆய்வு நடந்தது. அவர்களை நிற்கவைத்தது எது? சாப்பாடு, அடக்கச் செலவுக்கு உத்தரவாதம், இவற்றோடு யூனிஸ் ரிவர்ஸ் என்ற கறுப்பினச் செவிலியர் மேல் அவர்கள் வைத்திருந்த நம்பிக்கை. எதிரே ஒரு முகம் அங்கும் இருந்தது. இந்தியாவிலும், கம்மம் மாவட்டத்தில் 2009-இல் பழங்குடிச் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட்டபோது ஒப்புதல் படிவங்கள் பலவற்றில் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டிருந்தது பின்னர் தெரியவந்தது. ஆகவே தெரிந்த முகம் மட்டும் போதாது. அந்த முகத்தைக் கேள்வி கேட்கும் அதிகாரம் வேறொருவரிடம் இருக்க வேண்டும். டஸ்கீகிக்குப் பிறகு 1974-இல் அமெரிக்கா சட்டம் இயற்றியதும், நெறிமுறைக் குழுக்கள் கட்டாயமானதும் இதனால்தான். இணையத்தின் உண்மையான கொடை இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்: ஆள் பிடிப்பதில் அல்ல, ஆய்வை எல்லோர் பார்வைக்கும் திறந்து வைப்பதில். 2000-இல் மருத்துவச் சோதனைகளுக்கான அமெரிக்காவின் பொதுப் பதிவேடு இணையத்துக்கு வந்தது. 2007 ஜூலையில் இந்தியாவுக்கும் ஒன்று வந்தது. 2009 ஜூன் முதல் மருத்துவச் சோதனைகளை அதில் பதிவது கட்டாயமாயிற்று.

நமக்கு முன்மாதிரி வெளியில் தேட வேண்டியதில்லை. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு மையத்தில், வாலஸ் ஃபாக்ஸ் தலைமையிலான குழு 193 ஏழை நோயாளிகளைக் கொண்டு, வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டாலும் சானடோரியத்தில் தங்கிச் சாப்பிட்டாலும் பலன் ஏறத்தாழ ஒன்றே என்று நிறுவியது. உலகம் முழுக்கக் காசநோய்ச் சிகிச்சை சானடோரியத்தைவிட்டு வீட்டுக்கு வந்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. அந்த நோயாளிகள் ஓராண்டு விடாமல் மருந்து சாப்பிட்டதற்கும், குடும்பத்தாரைப் பல ஆண்டு தொடர முடிந்ததற்கும், குடிசை வாசலுக்கே போய்ப் பார்த்துவந்த சுகாதாரப் பணியாளர்கள்தான் காரணம். இன்று நம் ஊரில் ஆய்வு நடத்துகிறவர்கள் விளம்பரத்துக்கும் செயலிக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை அப்படிப்பட்ட பணியாளர்களுக்கும், முடிவு தெரிந்தபின் பங்கேற்றவருக்கு அதைத் தமிழில் எழுதி அனுப்புவதற்கும் ஒதுக்க வேண்டும். உங்கள் கைப்பேசிக்கு அப்படியொரு அழைப்பு வந்தால், சேருங்கள். ஆனால் பெயரைப் பதியுமுன் மூன்றைக் கேளுங்கள்: இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் இதன் எண் என்ன, எந்த நெறிமுறைக் குழு ஒப்புதல் கொடுத்தது, எனக்கு ஏதாவது ஆனால் யாரைத் தொலைபேசியில் கூப்பிடுவது. மருந்தைச் சோதிக்கும் ஆய்வில் உங்களுக்குப் பாதிப்பு நேர்ந்தால் சிகிச்சையும் இழப்பீடும் கிடைக்க 2019-ஆம் ஆண்டின் விதிகள் வழிசெய்திருக்கின்றன. பதிவு எண்ணை எவரும் இணையத்தில் இலவசமாகச் சரிபார்க்கலாம்.